ஈசிஇ படித்துக்கொண்டே கம்ப்யூட்டர் சயின்ஸ்: இரண்டாவது செமஸ்டரிலிருந்து பிளேஸ்மென்ட் வரை முழுமையான வழிகாட்டி

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 2021 ரெகுலேஷன் பாடத்திட்டத்தில் ஈசிஇ எடுத்தவர்களுக்கு முதல் செமஸ்டரிலேயே பைத்தான் வந்துவிடுகிறது. அந்தப் பாடத்திட்டத்தில் அது எல்லாப் பிரிவுக்கும் பொதுப் பாடம். மூன்றாவது செமஸ்டரில் சி-யும் டேட்டா ஸ்ட்ரக்சரும், கூடவே டிஜிட்டல் சிஸ்டம்ஸ் டிசைன். நான்காவதில் நெட்வொர்க்ஸ் அண்ட் செக்யூரிட்டி. அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் மூன்றும் பக்கத்துக் கட்டடத்தில் சிஎஸ்இ-காரர்களுக்கு நடந்துகொண்டிருக்கும். சாஃப்ட்வேர் வேலைக்கான நேர்காணலில் அதிகம் கேட்கப்படுவது அந்த மூன்றிலிருந்துதான்.

அந்த இடைவெளியைத் தாமாகவே அடைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. பாடங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் தட்டுப்பாடு இல்லை. ரெக்கார்டும் இன்டர்னலும் லேபும் போக மிஞ்சுகிற நேரத்தை எதற்குச் செலவிடுவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள். இஇஇ, மெக்கானிக்கல் மாணவர்களும் இதே வரிசையில் போகலாம். எந்தப் பாடம் கல்லூரியிலேயே கிடைக்கிறது என்பது மட்டும் அவர்களுக்கு மாறும்.

முதலில் நேரக் கணக்கு

ஒரு செமஸ்டரில் வகுப்பு நடப்பது சுமார் 15 வாரம். இன்டர்னலுக்கும் மாடல் தேர்வுக்கும் 3 வாரம் கழித்துவிடுங்கள்; மிச்சம் 12. வாரத்துக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் செமஸ்டருக்கு 96 மணி. இரண்டிலிருந்து ஆறு வரை ஐந்து செமஸ்டருக்கு 480 மணி. கோடை விடுமுறை மூன்று வரும், தலா 100 மணி. குளிர்கால விடுமுறை இரண்டு, தலா 50 மணி. ஆக மொத்தம் 880 மணி நேரம்.

வாரத்துக்கு 20 மணி என்று யாராவது திட்டம் போட்டுக் கொடுத்தால் நம்பாதீர்கள். காலை ஏழு மணிக்குக் கல்லூரி பஸ் ஏறி மாலை ஆறுக்கு வீடு திரும்புகிறவரால் அதை மூன்று வாரத்துக்கு மேல் இழுக்க முடியாது. நான்காவது வாரம் திட்டம் மொத்தமாகவே கைவிடப்படும்.

அந்த 880 மணியை இப்படிப் பிரிக்கலாம்:

- புரோகிராமிங் அடிப்படை: 120
- டெர்மினல், கிட் (கோடின் மாற்றங்களைச் சேமித்து வைப்பது), டீபக்கர் போன்ற கருவிகள்: 20
- கம்ப்யூட்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது: 50
- டிஸ்கிரீட் கணிதம்: 70
- டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம்: 200
- ஆப்பரேட்டிங் சிஸ்டம்: 130
- டேட்டாபேஸ்: 90
- நெட்வொர்க்: 70
- சொந்தமாக ஒரு பிராஜெக்ட்: 120

கூட்டினால் 870. கம்பைலரும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டமும் இதில் இல்லை. அருமையான பாடங்கள்தாம். ஆனால் 880 மணிக்குள் அவற்றை நுழைத்தால் மற்ற எல்லாமே அரைகுறையாகிவிடும். வேலைக்குச் சேர்ந்த பிறகு படித்துக்கொள்ளலாம். ஏதாவது ஒரு செமஸ்டர் சறுக்கினால் நெட்வொர்க்கில் குறையுங்கள், ஏனென்றால் அது எப்படியும் வகுப்பில் வருகிறது. பிராஜெக்டில் மட்டும் கை வைக்காதீர்கள்.

வாரத்தின் வடிவம்

செவ்வாய், வியாழன் இரவு 8.30 முதல் 10 வரை. சனி மாலை 2 மணி நேரம். ஞாயிறு காலை 3 மணி நேரம். இதுதான் 8. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கல்லூரி வேலைக்கு மட்டும்: ரெக்கார்ட், அசைன்மென்ட், மறுநாள் லேபுக்கான அப்சர்வேஷன். தினமும் ஒரு மணி நேரம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் பலர் இடறுவது ஏனென்றால், புரோகிராம் எழுதுகிற மனநிலைக்கு வரவே இருபது நிமிடம் ஆகிறது. ஞாயிறு காலையின் முழுதான 3 மணி நேரம், சிதறிய 5 மணி நேரத்துக்குச் சமம்.

பார்ப்பதற்கு ஒரு பங்கு, எழுதுவதற்கு இரண்டு பங்கு என்பது இந்த 8 மணிக்குள் உள்ள விதி. ஒரு வாரம் வீடியோ மட்டுமே பார்த்து முடிந்திருந்தால் அதை வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் என்றே போடுங்கள். பஸ் பயணத்தில் புதுப் பாடம் வேண்டாம். முந்தைய நாள் பார்த்ததை மறுபடி கேட்கலாம், நோட்டைப் புரட்டலாம். வீடியோக்களை வைஃபை இருக்கும்போதே 360பி தரத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டா செலவு இல்லை.

லேப்டாப் 8 ஜிபி ராம் இருந்தால் தாராளம். விண்டோஸ் என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல் போட்டு உபுன்டுவை உள்ளே ஏற்றிக்கொள்ளுங்கள். சொந்த லேப்டாப் இல்லாதவர்கள் கல்லூரி லேபில் பிரவுசர் வழியாகவே சிஎஸ்50-க்கான (கீழே வரும் ஹார்வர்ட் பாடம்) எடிட்டரைத் திறந்து வேலை செய்யலாம். எதையும் நிறுவத் தேவையில்லை.

இரண்டாவது செமஸ்டர்: சிஎஸ்50

ஹார்வர்டின் சிஎஸ்50-யை டேவிட் மாலன் நடத்துகிறார். பூஜ்யத்திலிருந்து பத்து வரை 11 வாரம். பைத்தான் ஏற்கெனவே படித்தவருக்கு இது எதற்கு என்று தோன்றும். காரணம் ஒன்றிலிருந்து ஐந்து வரையிலான வாரங்கள், அதாவது சி. 120 மணியில் 70 மணியை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

பாயின்டர், அதாவது மெமரி முகவரி, வருகிற நான்காவது வாரத்தில் எல்லோரும் செய்கிற ஒரு தவறைக் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு பெயரை காப்பி எடுக்க வேண்டும். பெயருக்கு நான்கு எழுத்து, ஸ்டிரிங் நீளம் 4, அதனால் மெமரியில் 4 பைட் கேட்கிறீர்கள். உண்மையில் 5 வேண்டும். ஸ்டிரிங் முடிந்தது என்று காட்ட சி கடைசியில் ஒரு பூஜ்ய பைட் வைக்கிறது. ஆனாலும் புரோகிராம் ஒழுங்காக ஓடும்! அதுதான் ஆபத்து. 64 பிட் லினக்ஸில் நீங்கள் 4 பைட் கேட்டாலும் சி லைப்ரரி குறைந்தது 24 பைட் இடம் ஒதுக்கித் தருகிறது. ஐந்தாவது பைட் அந்த உபரி இடத்தில் விழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. என்றைக்காவது 24 எழுத்துள்ள பெயர் வந்தால், 25-ஆவது பைட் அடுத்த துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தில் போய் விழும். புரோகிராம் உடனே விழாது. வேறெங்கோ மெமரியை விடுவிக்கும்போது விழும். நீங்கள் சம்பந்தமில்லாத வரியில் தவறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கருவியான வால்கிரைண்டில் போட்டு ஓட்டினால், நான்கெழுத்துப் பெயரிலேயே அது காட்டிக்கொடுத்துவிடும். எனவே சி-யில் எழுதுகிற ஒவ்வொரு அசைன்மென்டையும், ஓடுகிறதோ இல்லையோ, வால்கிரைண்டில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது வாரத்தின் ஸ்பெல்லர் அசைன்மென்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 143,091 சொற்கள் உள்ள அகராதியை, சொல்லிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு அந்த எண்ணுள்ள பெட்டியில் போடும் ஹேஷ் டேபிளில் ஏற்றி, ஒரு கட்டுரையில் பிழைச் சொற்களைக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் எழுத்தை மட்டும் பார்த்து 26 பெட்டிகளில் போட்டால், ஒரு பெட்டிக்குச் சராசரியாக 5,500 சொல். ஒவ்வொரு தேடலும் அந்த நீளமான வரிசையில் நடந்து போக வேண்டும். பெட்டிகளை ஒரு லட்சமாக்கி, சொல்லின் எல்லா எழுத்தையும் கணக்கில் எடுக்கிற ஹேஷ் எழுதினால் பெட்டிக்கு ஒன்றிரண்டு சொல்தான். இரண்டையும் எழுதி நேரத்தை அளந்து பாருங்கள். பிறகு மூன்றாவது செமஸ்டரில் ஹேஷிங் பற்றி 13 மார்க் கேள்வி வரும்போது மனப்பாடம் தேவைப்படாது.

எட்டு, ஒன்பதாவது வாரங்கள் வெப் பற்றியவை. ஒன்பதாவதில் வரும் ஃபிளாஸ்க் (பைத்தானில் வெப் சர்வர் எழுத உதவும் கருவி) பின்னால் உங்கள் சொந்த பிராஜெக்டுக்குத் தேவைப்படும் என்பதால் கோடை விடுமுறையில் முடித்துவிடலாம். அதே விடுமுறையில் எம்ஐடி-யின் மிஸ்ஸிங் செமஸ்டர் வகுப்புகளிலிருந்து ஷெல், கிட், டீபக்கிங் மூன்றை மட்டும் பார்த்தால் கருவிகளுக்கான 20 மணியும் தீர்ந்தது.

மூன்றாவது செமஸ்டர்: கல்லூரியோடு சேர்ந்து ஓடுவது

இந்தச் செமஸ்டர் ஈசிஇ-காரர்களுக்கு வாய்ப்பான காலம். டிஜிட்டல் சிஸ்டம்ஸ் வகுப்பில் கேட், மல்டிபிளெக்சர், ஃபிளிப்ஃபிளாப் நடக்கும்போதே நோம் நிசான், ஷிமோன் ஷோக்கன் இருவரும் உருவாக்கிய நாண்ட்-டு-டெட்ரிஸ் என்ற பாடத்தைத் தொடங்குங்கள். 12 பிராஜெக்டில் முதல் 6 மட்டும். ஒரே ஒரு நாண்ட் கேட்டில் தொடங்கி, மற்ற கேட்கள், ஏஎல்யூ, ரேம், முழு சிபியு, கடைசியில் அதற்கொரு அசெம்ப்ளர் வரை நீங்களே கட்டுகிறீர்கள். சிஎஸ்இ மாணவர்களுக்கு இதில் சிரமம் தருகிற முதல் மூன்று பிராஜெக்டை ஈசிஇ மாணவர்கள் பத்து மணி நேரத்தில் கடந்துவிடலாம். ஐந்தாவதில், அதாவது சிபியு-வில்தான் மாட்டிக்கொள்வார்கள். இன்ஸ்ட்ரக்ஷனின் எந்த பிட் எந்தக் கட்டுப்பாட்டுக் கம்பிக்குப் போகிறது என்று ஒரு அட்டவணையைப் பேப்பரில் முதலில் போட்டுவிட்டு எழுதினால் தீரும். நேராக எடிட்டரில் உட்கார்ந்தால் தீராது.

டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பு நடக்கும். சிஎஸ்50 முடித்தவருக்கு அது பாதி திரும்பப் படிப்பதுதான். அந்த லாபத்தை டிஸ்கிரீட் கணிதத்துக்குக் கொடுங்கள். எம்ஐடி-யின் 6.042 பாடநூல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் புரூஃப், இன்டக்ஷன், மாடுலர் கணக்கு, கிராஃப், எண்ணுதல் இவை மட்டும் போதும். பிராபபிலிட்டியை விட்டுவிடலாம், ராண்டம் பிராசஸஸ் பாடத்தில் ஈசிஇ-க்கு இதே செமஸ்டரில் அதைவிட அதிகமாகவே நடத்துகிறார்கள். இன்டக்ஷனை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ரிகர்ஷன் புரியவில்லை என்று சொல்கிற பலருக்கு உண்மையில் புரியாதது இன்டக்ஷன்தான்.

நான்காவது செமஸ்டரும் அதன் கோடையும்: அல்காரிதம்

200 மணியும் இங்கே. எம்ஐடி-யின் 6.006, 2020 வசந்த காலப் பதிவு நல்ல தேர்வு. எரிக் டிமெய்ன், ஜேசன் கு, ஜஸ்டின் சாலமன் நடத்தியது. பிராப்ளம் செட்டும் விடைகளும் இணையத்திலேயே உள்ளன. ஆங்கில வேகம் சிரமமாக இருந்தால், சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிடியூட்டின் மாதவன் முகுந்த் என்பிடெல்லில் (ஐஐடி-கள் நடத்தும் இணையவழிப் பாடத் தளம்) நடத்தும் அல்காரிதம் பாடம் இருக்கிறது. நிதானமாக, ஒரு படியும் தாண்டாமல் விளக்குவார். இரண்டில் ஒன்று மட்டும் எடுங்கள். இரண்டையும் பாதி பாதி பார்ப்பது நிறையப் பேர் விழுகிற குழி.

என்பிடெல் எடுத்தால் ஒரு வசதி, ஒரு சிக்கல். வசதி: 1,000 ரூபாய் கட்டித் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கலாம். கிரெடிட் மாற்ற முடியுமா என்று பதிவு செய்வதற்கு முன்பே துறைத் தலைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் பயன் இருக்காது. சிக்கல்: வாராந்திர அசைன்மென்டின் கடைசித் தேதி உங்கள் இன்டர்னல் தேதியைப் பார்த்து வராது. பொதுவாக 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 அசைன்மென்ட்தான் கணக்கில் சேரும். விடுகிற இரண்டையும் இன்டர்னல் வாரங்களுக்கு ஒதுக்கி வையுங்கள். புரோகிராமிங் பாடங்களில் இந்தக் கணக்கு மாறும், பாடத்தின் அறிவிப்பைப் படித்துவிட்டுச் சேருங்கள்.

நேர்காணல் பயிற்சித் தளமான லீட்கோடில் 150 கணக்கு போதும். 500 என்று எண்ணிக்கை காட்டுகிறவர்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம். ஒரு கணக்குக்கு 40 நிமிடம் சொந்த முயற்சி, பேப்பரும் பேனாவுமாக. வராவிட்டால் விடையைப் படியுங்கள், மூடிவிடுங்கள், உடனே எழுதாதீர்கள். மூன்று நாள் கழித்து எதையும் பார்க்காமல் எழுதுங்கள். அன்றைக்கு வரவில்லையென்றால் அது புரியவில்லை என்று பொருள். பட்டியலில் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்பதற்கும் இதே 40 நிமிட விதி பொருந்தும். அதற்குப் பிறகும் "கோடைக் கொடு" என்று கேட்காமல், "இந்த உதாரணத்தில் என் வழி எங்கே தவறுகிறது" என்று கேளுங்கள். பதிலை ஒட்டி வைத்தால் அன்றிரவு வேலை முடியும், நேர்காணலில் வொயிட்போர்டுக்கு முன்னால் கை நின்றுவிடும்.

நெட்வொர்க்குக்கான 70 மணியில் பாதியை இந்தச் செமஸ்டரின் வகுப்பே பார்த்துக்கொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. சாக்கெட் வைத்து ஒரு சிறிய எச்டிடிபி சர்வர் எழுதுவது. நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்து அந்த சர்வரோடு பிரவுசர் பேசும்போது டிசிபி-யின் முதல் மூன்று பாக்கெட்டைக் கண்ணால் பார்ப்பது.

ஐந்தாவது: ஆப்பரேட்டிங் சிஸ்டம், ஆறாவது: டேட்டாபேஸ்

ஓஸ்டெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடநூலைப் படியுங்கள். அதன் 17-ஆவது அத்தியாயம், மேலே சொன்ன அந்த 24 பைட் விஷயத்துக்குப் பின்னணியான மெமரி ஒதுக்கீட்டைப் பேசுகிறது. மெமரியைச் சம அளவு பேஜ்களாகப் பிரிக்கும் பேஜிங் அத்தியாயங்களில் ஒரு கணக்கைக் கையால் போடுங்கள்: 32 பிட் முகவரி, 4 கேபி பேஜ். 12 பிட் ஆஃப்செட்டுக்குப் போக 20 பிட் மிச்சம். எந்த பேஜ் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் பேஜ் டேபிளில் பத்து லட்சத்துக்கு மேல் வரிகள். வரிக்கு 4 பைட் என்றால் ஒவ்வொரு பிராசஸுக்கும் டேபிளே 4 எம்பி. நூறு பிராசஸ் ஓடினால் 400 எம்பி. 20-ஆவது அத்தியாயத்தில் பல அடுக்கு டேபிள் ஏன் வருகிறது என்பது அப்போது தானாக விளங்கும்.

குளிர்கால விடுமுறையில் எம்ஐடி கற்பிப்பதற்காக எழுதிய சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டமான எக்ஸ்வி6-இன் லேபுகளில் முதல் மூன்று. 128 எம்பி மெமரியிலேயே எமுலேட்டரில் ஓடும், பழைய லேப்டாப்பும் தாங்கும். நிறுவும்போதுதான் பலருக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போகிறது. ரிஸ்க்-ஃபைவ் கம்பைலரையும் க்யூஇஎம்யூ எமுலேட்டரையும் உபுன்டுவின் பேக்கேஜ் வழியாகவே போடுங்கள், தனியாக பில்டு செய்ய முயலாதீர்கள்.

டேட்டாபேஸுக்கு கார்னகி மெல்லனின் 15-445, ஆண்டி பாவ்லோ நடத்துவது. ஸ்டோரேஜ், பஃபர் பூல், பி-பிளஸ் மரம், ஜாயின் வரை பாருங்கள். அவர்களுடைய பிராஜெக்டுகள் சி++-ல் கனமானவை. 90 மணிக்குள் அடங்காது. அதற்குப் பதில் எஸ்க்யூஎல்-ஐ நிறைய எழுதிப் பழகுங்கள். மீதியைப் பிராஜெக்ட் கற்றுக்கொடுக்கும்.

நிறுத்துவதும் திரும்பத் தொடங்குவதும்

இன்டர்னலுக்கு முந்தைய வாரம் 8 மணியை 3 ஆக்குங்கள், பழைய நோட்டைப் புரட்ட மட்டும். ஸ்டடி ஹாலிடேயில் பூஜ்யம். 2021 ரெகுலேஷனில் தியரிப் பாடத்துக்கு 40 மார்க் இன்டர்னல். பல நிறுவனங்கள் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தாலோ, அரியர் இருந்தாலோ தேர்வுக்கே அழைப்பதில்லை. வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போனால் செமஸ்டரே சிக்கலாகும். கல்லூரிப் படிப்பைக் கெடுத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டிய அவசியம் ஒருநாளும் இல்லை.

நிறுத்துவது எளிது. மூன்று வாரம் கழித்துத் திரும்பி வரும்போது எங்கே விட்டோம் என்றே தெரியாது, எழுதின கோடே அந்நியமாகத் தெரியும். பெரும்பாலானோர் முதலிலிருந்து தொடங்கி, அதே மூன்றாவது வாரத்துக்கே மறுபடி வந்து நிற்பார்கள். இதைத் தடுக்க, நிறுத்துகிற அன்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள்: எதுவரை வந்தது, எது ஓடவில்லை, அடுத்து தொட வேண்டிய ஃபங்ஷன் எது. முடிந்தால் தோற்கிற ஒரு டெஸ்டை அப்படியே விட்டு கிட்டில் கமிட் செய்துவிடுங்கள். திரும்பி வரும் நாளில் வீடியோ திறக்காதீர்கள். அந்த டெஸ்டை ஓட்டுங்கள், சிவப்பாக நிற்கும், வேலை அங்கிருந்து தொடங்கும்.

பிராஜெக்ட்

ஈ-காமர்ஸ் தளம், சாட் ஆப் வேண்டாம். உங்கள் பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கிற கைத்திறனைப் பயன்படுத்துங்கள். வைஃபை உள்ள ஒரு இஎஸ்பி32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, ஒரு வெப்பநிலை சென்சார், ஃபிளாஸ்க் சர்வர், எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். 10 விநாடிக்கு ஒரு அளவு அனுப்பினால் நாளைக்கு 8,640 வரி, மாதத்துக்கு 2,59,200. 20 சென்சார் இருப்பதாக வைத்து ஒரு சிறு புரோகிராமால் போலித் தரவு நிரப்புங்கள், 50 லட்சத்தைத் தாண்டும். இப்போது "நேற்று ஏழாவது சென்சாரின் அதிகபட்ச அளவு" என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாகும். தேடல் எப்படி நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் க்வெரி பிளான் கட்டளையைப் போட்டால் முழு டேபிளையும் ஸ்கேன் செய்வது தெரியும். சென்சார் எண், நேரம் என்ற வரிசையில் ஒரு இண்டெக்ஸ் போட்டு மறுபடி பாருங்கள், ஸ்கேன் போய் சர்ச் வந்திருக்கும். வரிசையை மாற்றி, நேரம் முதலில் வைத்தும் அளந்து பாருங்கள். ஏன் வேறுபடுகிறது என்பதை பி-பிளஸ் மரத்தை வரைந்து நீங்களே விளக்க முடிய வேண்டும்.

அடுத்து வைஃபையை அணையுங்கள். அளவுகள் தொலையும். போர்டிலேயே சேமித்து, இணைப்பு வந்ததும் அனுப்பச் செய்யுங்கள். இப்போது வேறு தொல்லை: சர்வர் பெற்றுக்கொண்டது, ஆனால் பதில் போர்டுக்கு வந்து சேரவில்லை, போர்டு அதையே மறுபடி அனுப்பும், ஒரே அளவு இரண்டு முறை பதிவாகும். சென்சார் எண்ணும் நேரமும் சேர்ந்த யூனிக் கீ வைத்தால் தீரும். மின்சாரம் போய் வந்தால் போர்டின் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போகுமே, அப்போது அந்தக் கீ என்னவாகும் என்பதையும் யோசித்துத் தீர்த்து வையுங்கள். நேர்காணலில் இருபது நிமிடம் பேச இந்த மூன்று தொல்லைகளே போதும்.

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும், கடந்த ஆண்டுகளின் கேட் (எம்டெக் நுழைவுத் தேர்வு) கம்ப்யூட்டர் சயின்ஸ் வினாத்தாள்கள் இரண்டை எடுத்து, டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் கேள்விகளை மட்டும் நேரம் வைத்துப் போடுங்கள். கம்பைலர், தியரி ஆஃப் கம்ப்யூடேஷன் கேள்விகளைத் தள்ளிவிடுங்கள். எந்தப் பாடத்தில் பாதிக்கும் குறைவாக வருகிறதோ, ஜூலையில் நிறுவனங்கள் வரத் தொடங்குமுன் மிச்சமுள்ள ஞாயிறுகள் அந்தப் பாடத்துக்கு.